உயிலில் உள்ள தொகையைக் கூட்டிப் பக்தியை அளக்கலாமா?

வாசகர் கேள்வி: எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். 15ஆம் நூற்றாண்டு லண்டன் வணிகர்கள், கைவினைஞர்களின் உயில்கள் இருபதை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன். கோயிலுக்கும் ஏழைகளுக்கும் ஒவ்வொருவரும் எழுதிவைத்ததைக் கூட்டி, யாருக்குப் பக்தி அதிகம் என்று அட்டவணை போட நினைக்கிறேன். சரிவருமா? இன்னொன்று: ஏறக்குறைய எல்லாரும் ‘மறந்துபோன தசமபாகத்துக்காக’ என்று சொல்லிப் பீடத்துக்கு ஏதாவது வைக்கிறார்களே, அது என்ன?

பதில்: அட்டவணை போடுங்கள். தலைப்பில் மட்டும் ‘பக்தி’ என்று எழுதிவிடாதீர்கள்.

முதலில் தசமபாகம். விவசாயிக்குச் சிக்கல் இல்லை, பத்துக் கட்டில் ஒரு கட்டு கோயிலுக்கு, ஊரே பார்க்கும். வியாபாரி கொடுக்க வேண்டியதோ லாபத்தில் பத்தில் ஒன்று. தன் லாபம் எவ்வளவு என்று எந்த வியாபாரி வாய் திறந்து சொல்லியிருக்கிறான்? லண்டனில் வீட்டு வாடகையை வைத்துக் காணிக்கையைக் கணக்கிடும் முறை இருந்தது. அப்படியும் மனதில் ஒரு உறுத்தல் இருக்கும். சாகும்போது கோயிலுக்குப் பாக்கி இருக்கக் கூடாது என்று பங்குக் கோயிலின் பெரிய பீடத்துக்கு ஒரு தொகை வைத்து அந்தக் கணக்கை முடிக்கிறார்கள். இதைத் தர்மத்தோடு கூட்டாதீர்கள், கடன் அடைப்பாகத் தனியே எழுதுங்கள். உயில்களில் ‘என் கடன்களை முதலில் தீர்க்க வேண்டும்’ என்ற வரி முன்னாலேயே வருவதையும் பார்த்திருப்பீர்கள். கடனோடு போன ஆன்மா, சொர்க்கத்துக்குப் போகுமுன் பாவம் தீர வேதனைப்படும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் கூடுதலாக வேதனைப்படும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது.

அடுத்தது, உங்கள் அட்டவணையையே கவிழ்க்கக்கூடிய விஷயம். லண்டன் வழக்கப்படி ஒருவரின் அசையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, ஒரு பங்கு பிள்ளைகளுக்கு. மீதி ஒரு பங்குதான் செத்தவருடையது. ஆன்ம நலனுக்கு எழுதுவதெல்லாம் அதிலிருந்துதான். பிள்ளை இல்லை என்றால் அவர் பங்கு சொத்தில் பாதியாகும். மனைவியும் இல்லை என்றால் முழுவதும் அவருடையதே. 1423இல் இறந்த துணி வணிகர் ரிச்சர்ட் விட்டிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி ஆலிஸ் முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவர் சொத்தில் முதியோர் இல்லமும், குருக்கள் சேர்ந்து வாழ்ந்து பூசை செய்யும் ‘கல்லூரி’யும் எழுந்தன, நியூகேட் சிறை திரும்பக் கட்டப்பட்டது. அவரை நான்கு பிள்ளைகள் பெற்ற ரொட்டிக்காரர் ஒருவரோடு சதவீதத்தில் ஒப்பிட்டால் அந்த ரொட்டிக்காரர் பாவம். ஆகவே அட்டவணையில் குடும்ப நிலைக்கென்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

தொகைகளைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். 6 சில்லிங் 8 பென்ஸ், 3 சில்லிங் 4 பென்ஸ் என்று ஏன் இப்படி விசித்திரமாக வைக்கிறார்கள்? ஒரு சில்லிங்குக்கு 12 பென்ஸ். 13 சில்லிங் 4 பென்ஸ் சேர்ந்தது ஒரு மார்க். அதில் பாதி, கால் என்று வைத்தால் வருவது இதுதான். நாம் மொய் எழுதும்போது 101, 501 என்று வைப்பதுபோல, அவர்களுக்கு இவைதான் பழகிய தொகைகள். ஆகவே இரண்டு பேர் ஒரே தொகை வைத்தால் அதில் பெரிய அர்த்தம் தேடாதீர்கள். இறந்தவரின் ஆன்மாவுக்காக வைக்கும் முப்பது பூசைக்குப் பெரும்பாலும் 10 சில்லிங், அதாவது பூசை ஒன்றுக்கு 4 பென்ஸ். நாளொன்றுக்கு 8 பென்ஸ் வாங்கிய கட்டடக் கைவினைஞருக்கு அது பதினைந்து நாள் கூலி. ஒரு குருவை வருடம் முழுவதும் பூசை செய்ய அமர்த்துவதற்கோ சுமார் 10 மார்க் ஆகும், எல்லாராலும் முடியாது.

அப்புறம், உயிலில் இல்லாததையும் நினைக்க வேண்டும். பெரும்பாலும் படுத்த படுக்கையில், எழுத்தர் ஒருவர் கையால் எழுதப்பட்ட ஓலை அது. ஆன்மாவை இறைவனுக்கும் கன்னி மரியாளுக்கும் சகல புனிதர்களுக்கும் ஒப்படைக்கும் முதல் வரி அந்த எழுத்தர் வழக்கமாக எழுதுவதாகவே இருக்கலாம். உயிரோடு இருந்தபோது கொடுத்ததும், மனைவியிடம் வாயால் சொல்லிவைத்ததும் ஏட்டில் ஏறாது. ‘மீதி எல்லாவற்றையும் என் ஆன்ம நலனுக்கு நல்லது என்று நினைக்கும்படி செய்யுங்கள்’ என்று உயிலை நிறைவேற்றுபவர்களிடம் விட்டுவிடும் வரியில் தொகையே இருக்காது. பல உயில்களில் பெரிய தர்மம் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இன்னொரு பொறி: லண்டன்வாசிகள் வீட்டையும் மனையையும் உயிலில் எழுதலாம். அது ஹஸ்டிங் என்ற நகர நீதிமன்றத்தில் பதிவாகும். பணம், பண்டம் பற்றிய உயிலைத் திருச்சபை நீதிமன்றம் ஏற்கும். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்திலும் ஆவணம் இருக்கலாம். ஒன்றை மட்டும் படித்துவிட்டு ‘இவர் கஞ்சன்’ என்று எழுதினால், தன் தொழில் செய்வோரின் சங்கத்துக்கு (கில்டு) ஒரு வீட்டையே கொடுத்த மனிதரைத் திட்டியிருப்பீர்கள்.

சுவை இருப்பது நிபந்தனைகளில்தான். சங்கத்துக்கு வீட்டைக் கொடுப்பார். வாடகையிலிருந்து ஆண்டுதோறும் தன் திவசத்தன்று பூசை வைத்து, ஏழைகளுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பார். தவறினால் வீடு இன்னொரு அமைப்புக்குப் போகட்டும் என்றும் சேர்ப்பார். அது வியாபாரி போடும் ஒப்பந்தமேதான். அடக்கத்தன்று தீவட்டி பிடிக்கும் ஏழைகளுக்குத் துணி, நியூகேட், லட்கேட் சிறைக் கைதிகளுக்குச் சாப்பாடு, ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குக் காசு, பழுதான சாலைக்குச் செலவு என்று வரும் ஒவ்வொன்றையும் பெயரோடு குறித்துவையுங்கள். ஏழையின் ஜெபத்துக்குத் தனி வலிமை உண்டு என்று நம்பிய காலம் அது. இரக்கத்தையும் கைம்மாறையும் பிரித்து எடுப்பது கடினம், பிரிக்கவும் முயலாதீர்கள்.

சொன்ன திவசம் உண்மையில் நடந்ததா என்று சரிபார்க்கவும் வழி இருக்கிறது. 1547இல் ஆறாம் எட்வர்ட் அரசு, இப்படிப் பூசைக்கென்று சொத்து எழுதிவைத்த கட்டளைகளைக் கலைத்தது. அப்போது 1548இல் எடுத்த லண்டன் கணக்கெடுப்பில், எந்தக் கோயில், எந்தச் சங்கம், யாருக்காக எவ்வளவு செலவழித்தது என்று இருக்கிறது. உங்கள் இருபது பேரில் எத்தனை பேர் அதில் அகப்படுகிறார்கள் என்று முதலில் தேடுங்கள். அட்டவணையை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.