வாகனம்: கேள்வி – பதில்

கே: நவம்பரில் கராஜில் நிறுத்திய 250 சிசி கார்புரேட்டர் பைக். பேட்டரியை சார்ஜ் ஏற்றி மாட்டினேன். சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சோக்கைத் தள்ளியதும் நின்றுவிடுகிறது. பிளக் மாற்றியும் பலனில்லை. – வாசகர், ஸ்கார்பரோ, கனடா

ப: பிளக் மேல் பழி போடாதீர்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னத் துளைக் குழாயான பைலட் ஜெட் அடைத்திருக்கும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் திருகாமல் எஞ்சின் ஓடும்போது, பெட்ரோல் தருவது அதுதான். துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிட, மிச்சம் பிசினாக அதில் படியும். சோக் வேறு வழியாகப் பெட்ரோலைக் கூட்டுவதால் அடைப்பு தெரிவதில்லை.

எஞ்சின் ஆறியிருக்கும்போது, கராஜ் கதவைத் திறந்து வைத்து, கார்புரேட்டரின் கீழே பெட்ரோல் நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, வரும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பழுப்பு நிறமும் வார்னிஷ் வாடையும் இருந்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. அடியில் தனியாக உருளும் முத்துகள் தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். டேங்கையும் காலி செய்து, புதுப் பெட்ரோலுடன், பெட்ரோலில் கலக்கும் வகைக் கார்புரேட்டர் கிளீனரை அதன் டப்பாவில் சொன்ன அளவில் கலந்து ஓடவிடுங்கள். லேசான அடைப்பு இதிலேயே விடும்.

விடாவிட்டால் கார்புரேட்டரைக் கழற்றத்தான் வேண்டும். ஜெட் பித்தளை, அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் அதன் வெட்டைத் தின்றுவிடும். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்து, பிறகு எப்போதும் பெட்ரோல் அதிகமாகவே பாயும். அதைவிடப் புது ஜெட் வாங்குவது மேல்.

கே: ஸ்டார்ட் ஆகிவிட்டால் அப்படியே ஓட்டலாமா?

ப: ஓடுவதைவிட நிற்பதுதான் முக்கியம். பிரேக் பிடித்து விட்டதும் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாமல் இழுத்தால், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கிறது. பிரேக் திரவம் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். டயரில் மாதம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. காற்று இறங்கும், ஓட்டும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து நிரப்புங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். கராஜ் எலிகளுக்கு அது நல்ல மாளிகை! செயினுக்கு எண்ணெய் அடிக்கும்போது பிரேக் டிஸ்க்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்துக்குச் சாலைக் காப்பீட்டை நிறுத்தியிருந்தால், அது திரும்ப அமலுக்கு வந்த பிறகே தெருவில் இறக்குங்கள். ஏப்ரலில் வளைவுகளில் பனிக்காலத்து மணல் கிடக்கும்; சாய்க்காதீர்கள்.

கே: குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் நல்லதுதானே?

ப: கெடுதல். எஞ்சின் முழுச் சூடாகும் முன் அணைத்தால், உள்ளே படிந்த ஈரம் எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கித் துருவேற்றும். ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரமும் ஐந்து நிமிடத்தில் திரும்ப ஏறாது. பேட்டரியை, அதன் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜரில் போட்டுவிட்டு வண்டியைச் சும்மா விடுங்கள்.