மலைப் பகுதிக்குக் கனமழை, வெள்ளம், பலத்த காற்று மூன்றையும் சேர்த்தே எச்சரிப்பது ஏன்?

மூன்றும் தனித்தனிச் சங்கதிகள் இல்லை, ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வரும்.

ஈரக்காற்று மலைச்சரிவில் மோதினால் பெரும்பாலும் மேலேதான் ஏற வேண்டும். ஏற ஏறக் குளிரும். மேகமாகும் வரை 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குறையும். குளிர்ந்த காற்றில் அவ்வளவு நீராவி தங்காது, மழையாகக் கொட்டிவிடும். காற்று வேகமாகத் தள்ளினால் மழையும் கூடும். காற்று மோதும் பக்கம் வெளுத்து வாங்கும்போது மறுபக்கம் தூறலோடு நின்றுவிடுவது இதனால்தான்.

அப்புறம் வெள்ளம். 1 சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் அது 10 கோடி லிட்டர் தண்ணீர். சமவெளியில் பரவி நிற்கும். மலையில் சுற்றியுள்ள சரிவெல்லாம் ஒரே ஓடையில் வடியும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில்கூட அடிக்கலாம், மேலே பெய்தது சிறிது நேரத்தில் வந்து சேரும். தெளிவாக ஓடிய நீர் சட்டென்று கலங்கி, சருகும் குச்சியுமாக வந்தால் மேடேறிவிடுங்கள். பொருள் எடுக்கத் திரும்ப வேண்டாம். நீர் திடீரென்று குறைந்தால் இன்னும் மோசம்: மேலே மண் சரிந்து அடைத்திருக்கலாம், அடைப்பு எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

காற்று கணவாய்களில் நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கும். மண் ஊறிப்போனால் வேரின் பிடி தளரும், சாதாரணக் காற்றுக்கே மரம் சாயும்.

இன்னொன்று, முன்னறிவிப்பில் சொல்லும் மழையளவு பரந்த பகுதிக்கானது. உங்கள் பள்ளத்தாக்கில் அதைவிட அதிகமாகவே பெய்யக்கூடும்.