மார்கோ போலோவுக்கு முன்பே மக்ரோனி

கேள்வி: பாஸ்தா, இத்தாலியச் சாப்பாடு பற்றிப் பத்துக் கேள்விகள் கொண்ட வினாடி வினா ஒன்றை அனுப்பியிருந்தேன். ‘பாஸ்தாவைச் சீனாவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுவந்தவர் யார்?’, ‘பாஸ்தாவில் எத்தனை வகை?’, ‘பெயரையும் பொருளையும் பொருத்துக’ என எல்லாமே இணையத்தில் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தவை. ‘பிரசுரிக்க இயலவில்லை’ என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இட்லி, தோசை பற்றி என்றால் போட்டிருப்பீர்களோ?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இட்லியைப் பற்றி இதே லட்சணத்தில் எழுதியிருந்தாலும் திரும்பித்தான் வந்திருக்கும்.

பாஸ்தா நம் வாசகர்களுக்கு அந்நியம் என்று நான் நினைக்கவில்லை. மளிகைக் கடையில் சேமியாவுக்குப் பக்கத்திலேயே மக்ரோனியும் இருக்கிறது. உங்கள் தாளில் சிக்கல் வேறு. முதல் கேள்விக்கு நீங்கள் எழுதிய விடை தப்பு. நான்காவதற்கு விடையே கிடையாது. ஏழாவது நல்ல கேள்வி, அதை நீங்களே கெடுத்துவிட்டீர்கள்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். மார்கோ போலோ என்று விடை எழுதியிருக்கிறீர்கள். சீனா வரை போய்வந்த அந்த வெனிஸ் நகரப் பயணி ஊர் திரும்பியது 1295-இல். அதற்குப் பதினாறு வருடம் முன்பு, 1279-இல், ஜெனோவாவில் உகோலினோ ஸ்கார்ப்பா என்ற நோட்டரி ஒரு சிப்பாயின் சொத்துப் பட்டியலை எழுதுகிறார். அந்தப் பட்டியலில் ஒரு பெட்டி நிறைய மக்ரோனியும் இருக்கிறது. சொத்துக் கணக்கில் சேர்க்கிற அளவுக்கு மதிப்பு, பெட்டியில் போட்டு வைத்தாலும் கெடாத தன்மை என்றால் அது உலர்த்திய பாஸ்தாவாகத்தான் இருக்க வேண்டும். இன்னும் பின்னால் போகலாம். சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அரபுப் புவியியலாளர் அல்-இத்ரிஸி 1154-இல் முடித்துக் கொடுத்த புவியியல் நூலில், பலெர்மோவுக்கு அருகே டிராபியா என்ற ஊரில் மாவிலிருந்து இழை இழையாக ஓர் உணவு செய்து கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். மார்கோ போலோ பிறந்ததே 1254-இல். பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த சரக்கை அவர் எப்படிக் கொண்டுவர முடியும்?

சீனர்கள் நூடுல்ஸ் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே செய்தவர்கள். ஒருவர் மூட்டை கட்டி எடுத்துவந்து கொடுத்தார் என்பதுதான் கட்டுக்கதை. அதைப் பரப்பிய பெருமையில் பெரும்பங்கு ‘மக்ரோனி ஜர்னல்’ என்ற பத்திரிகைக்கு. அமெரிக்க மக்ரோனி உற்பத்தியாளர் சங்கம் நடத்திய அந்தப் பத்திரிகை 1929-இல் மார்கோ போலோவை வைத்து ஒரு கதை போட்டது. கதையில் ஸ்பகெட்டி என்றே பெயர் வைத்த ஒரு மாலுமியும் உண்டு! சரக்கு விற்பதற்காக எழுதிய கதை. ஒன்பது வருடம் கழித்து ஹாலிவுட்டும் கேரி கூப்பரை மார்கோ போலோவாக்கி, சீனாவில் அவரை நூடுல்ஸ் சாப்பிட வைத்துப் படம் எடுத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா?

இரண்டு முறை சரிபார்த்தேன் என்கிறீர்கள். ஒரே கதையை நகலெடுத்த இரண்டு பக்கங்களைப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அச்சும் ஒளிபரப்பும் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், அதுவும் இல்லை. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி தொலைக்காட்சியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்வதாக ஒரு படம் காட்டியது. குரல் கொடுத்தவர் ரிச்சர்ட் டிம்பிள்பி. அவர் சொன்னால் ஊரே நம்பும். அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று பிபிசிக்கே போன் போட்டுக் கேட்டவர்கள் உண்டு. அன்றைய பிரிட்டனில் பலருக்கு ஸ்பகெட்டி என்றால் தக்காளிச் சாஸில் ஊறி டின்னில் வரும் சமாச்சாரம், அது மரத்தில் காய்க்கிறதா மாவில் பிசைவதா என்று அவர்கள் யோசித்ததே இல்லை. இவ்வளவு ருசியான விஷயம் உங்கள் பத்தில் ஒன்றாக இல்லாததுதான் எனக்கு ஆச்சரியம்.

நான்காவது கேள்வி: வகை எத்தனை? 350 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே வடிவத்துக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஒரே பெயர் இன்னோர் ஊரில் வேறு வடிவத்துக்குப் போய்விடும். யார் எண்ணுகிறார் என்பதைப் பொறுத்து எண் மாறும் என்றால், வாசகர் 300 என்று எழுதி அனுப்பினால் நான் எந்த முகத்தோடு தப்பு போடுவது?

ஏழாவதுக்கு வருகிறேன். இத்தாலியர்கள் பாஸ்தாவுக்குப் பெயர் வைப்பதில் குறும்பர்கள். ஃபார்ஃபாலே பட்டாம்பூச்சி, ஒரெக்கியெட்டே குட்டிக் காது, பென்னே இறகுப் பேனா. ஆனால் நீங்கள் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பொருள் என்று பள்ளிக்கூட வினாத்தாள் போல அடுக்கிவிட்டீர்கள். இத்தாலிய மொழி தெரியாதவர் என்ன செய்வார்? கண்ணை மூடிக்கொண்டு கோடு இழுப்பார். பெயருக்குப் பதில் படத்தைக் கொடுங்கள், நம் ஓவியரிடம் சொல்லி நானே வரைந்து வாங்குகிறேன். பென்னேயின் சாய்வாகச் சீவிய முனையைப் பார்த்தால் பேனா முனை தானாக நினைவுக்கு வரும். படம் போட்டாலும் பிடிபடாத ஒன்றைக் கடைசியில் வையுங்கள்: ஸ்ட்ரோட்ஸாப்ரெத்தி. ‘பாதிரியார் கழுத்தை நெரிப்பது’ என்று அர்த்தம். இலவசச் சாப்பாட்டை அள்ளி விழுங்கி விக்கிப்போன பாதிரியார்களைப் பற்றி இத்தாலியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இன்னொன்று, நம் சேமியா பாக்கெட்டிலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும் வெர்மிசெல்லி. இத்தாலியில் அதற்குக் ‘குட்டிப் புழுக்கள்’ என்று பொருள். பாயசம் பரிமாறும்போது மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

சரி, எந்த மாதிரிக் கேள்வியைப் போடுவேன்? வாசகருக்கு விடை தெரியாவிட்டாலும் யோசித்தால் எட்டிப் பிடிக்கிற கேள்வியை. அந்த ஜெனோவா சிப்பாயையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலாடைக்கட்டி, மிளகு, தக்காளி – இந்த மூன்றில் எதை அவர் தன் மக்ரோனியோடு சாப்பிட்டிருக்கவே முடியாது? கொலம்பஸ் 1492-இல்தான் கடல் தாண்டினார், தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்த செடி என்று தெரிந்தால் போதும். நம் தக்காளி ரசத்துக்கும் இதே கணக்குத்தான்.

கூட்டல் பெருக்கல் பிடித்தவர்களுக்கு ஒன்று. போலோனா நகரத்தின் பெருமை தாலியாத்தெல்லே என்ற பட்டை பாஸ்தா. அதன் சரியான அகலம் எவ்வளவு என்பதில் சண்டை வேண்டாம் என்று 1972-இல் தங்கத்தில் ஒரு மாதிரி செய்து அந்த ஊர் வணிகச் சபையில் வைத்தார்கள். வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். ஊரின் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு என்றும் கணக்குச் சொன்னார்கள். அப்படியானால் கோபுரம் எவ்வளவு உயரம்? பெருக்கிப் பாருங்கள், 98 மீட்டர் சொச்சம் வரும். உண்மையான கோபுரம் சுமார் 97 மீட்டர்தான். மிச்ச ஒரு மீட்டர் கொதிநீரில் கரைந்துவிட்டது போலிருக்கிறது.

கார் பிரியர்களுக்கு: முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபையும், நம் சாலைகளில் ஓடிய டேவூ மாட்டிஸையும் வடிவமைத்த ஜியார்ஜெத்தோ ஜியுஜாரோ, 1983-இல் எஞ்சினே இல்லாத ஒன்றை வடிவமைத்தார். அது என்ன? ‘மரில்லே’ என்ற பாஸ்தா. பார்க்க அழகு, விற்பனையில் நிற்கவில்லை.

அப்புறம், வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது ஒன்று. வேகாத ஸ்பகெட்டி ஒன்றை இரு முனையிலும் பிடித்து வளைத்தால் எத்தனை துண்டாகும்? இரண்டு என்பார்கள். பெரும்பாலும் மூன்று, நான்கு துண்டுகள் சிதறும். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனே இதில் மண்டையை உடைத்துக்கொண்டவர். முதல் முறிவு ஏற்பட்டதும் ஓர் அலை குச்சி வழியே ஓடி வேறு இடங்களில் வளைவைக் கூட்டிவிடுகிறது, அதனால்தான் அடுத்தடுத்து முறிகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவர் 2005-இல் விளக்கினார்கள். அதற்கு மறு வருடம், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசை வாங்கினார்கள். 2018-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குச்சியை முக்கால் சுற்று முறுக்கிவிட்டு மெதுவாக வளைத்தால் சரியாக இரண்டாகும் என்று காட்டினார்கள். இந்தக் கேள்விக்கு யாரும் இணையத்தைத் தேட வேண்டாம், அரை பாக்கெட் ஸ்பகெட்டி போதும்.

சொல் புதிர் ஒன்றுகூட நீங்கள் அனுப்பவில்லை. இந்தப் பெயர்களைத் தமிழில் எழுதினாலே விளையாட்டுக்கு இடம் கிடைக்கிறது. மூன்றெழுத்து, நடு எழுத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைத் திருப்பிப் போட்டால் நெடுஞ்சாலை ஓரத்தில் சுடச்சுட ரொட்டி கிடைக்கும். பாஸ்தா, தாபா! ஐந்தெழுத்து, கடைசி மூன்றும் தாலி கட்டும்போது மேளத்தோடு சேரும், வெந்தால் துவண்டுவிடும். ஸ்பகெட்டி.

பத்து வேண்டாம், ஆறு கேள்வி அனுப்புங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எந்த நூலில் பார்த்தீர்கள் என்று குறியுங்கள், ‘இணையம்’ என்று எழுதினால் ஏற்க மாட்டேன். கூடவே இதற்கும் விடை எழுதுங்கள், நான் சொல்லப் போவதில்லை: நான்கெழுத்து, முதல் இரண்டும் கிழக்கே உதிக்கும், நான்கும் சேர்ந்தால் அதன் வயிற்றுக்குள் கீரையும் பாலாடைக்கட்டியும் இருக்கும்.