பள்ளித் தோட்டத்தில் முதலில் எதை விதைப்பது?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். சென்ற ஆண்டு வைத்த தக்காளியும் கத்தரியும் காலாண்டு விடுமுறையில் காய்ந்துபோயின. சத்துணவில் கீரை போட்டால் பிள்ளைகள் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறார்கள். 30 பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த ஆண்டு எப்படித் தொடங்குவது?

பதில்: தக்காளி நாற்று நட்டு 60, 70 நாள் ஆகும் பழம் பறிக்க. அதற்குள் தேர்வு, விடுமுறை எல்லாம் வந்துவிடும். சிறுகீரை 25 நாளில் தட்டுக்கு வந்துவிடும். விதை போட்ட நாள் பிள்ளைக்கு மறப்பதற்குள் சாப்பிட்டுவிடலாம். ஆகவே முதலில் கீரை. ஆகஸ்ட் 15க்குள் விதைத்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் பறித்துவிடலாம்.

ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடத்தில் 3 அடி அகலம், 10 அடி நீளத்தில் பாத்தி கட்டுங்கள். அகலம் கூடினால் நடுப்பகுதி பிள்ளைகளின் கைக்கு எட்டாது. உள்ளே ஏறி மிதிப்பார்கள், மண் இறுகிவிடும். முக்கால் அடி ஆழம் கொத்தி, இரண்டு சட்டி மக்கிய தொழுவுரம் கலக்கவும். பச்சைச் சாணம் வேண்டாம். வேரைத் தின்னும் வெள்ளைப் புழு அதில்தான் வரும். பிள்ளைகள் கை வைக்கும் மண்ணும்கூட.

இந்தப் பாத்திக்கு அரைத் தேக்கரண்டி விதையே தாராளம். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும் என்பதால் இரண்டு கைப்பிடி உலர்ந்த மணலில் கலந்து, ஐந்து பங்காகப் பிரித்து ஐந்து குழுக்களிடம் கொடுங்கள். மேலே மண் மூடல் அரை செ.மீ. தாண்டக் கூடாது, தாண்டினால் முளைக்காது. குவளையால் ஊற்றினால் விதை அடித்துப்போய் மூலையில் கும்பலாக முளைக்கும். பூவாளி இல்லையென்றால் பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் ஆணியால் பத்துத் துளை போட்டுக்கொள்ளலாம்.

விடுமுறையில் தண்ணீரின்றிக் காயும் செடி, பள்ளி நாட்களில் தண்ணீர் கூடியும் சாகும். ஆளுக்கொரு பாட்டில் ஊற்ற எல்லோருக்கும் ஆசை. நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு குழு, காலையில் மட்டும் என்று முறை வையுங்கள். சோப்பு கலந்த கை கழுவிய நீர் பாத்திக்குப் போக வேண்டாம். இலையில் ஓட்டை விழுந்தால் புழுவைக் கையால் எடுத்தால் போதும். வேப்பெண்ணெய் அடித்தால் கசப்பு இலையில் தங்கும். ஏற்கெனவே ஒதுக்குகிற பிள்ளை பிறகு கீரைப் பக்கமே வராது.

சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ வீதம் இரண்டரை கிலோ எதிர்பார்க்கலாம். 30 பேருக்கு ஒரு வேளைக் கூட்டு. சத்துணவுச் சமையலரிடம் ஒரு வாரம் முன்பே நாள் பேசிவிடுங்கள். பறித்தல், ஆய்தல், மூன்று தண்ணீரில் அலசுதல் வரை பிள்ளைகள் செய்யட்டும், அடுப்படி வேண்டாம். இறக்கிச் சூடு தணிந்ததும் எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள்: கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. வகுப்பில் சொல்ல வேண்டிய சத்துப் பாடமும் அன்றைக்கு அதுவே போதும்.

“முழுசாச் சாப்பிடு” என்று அதட்ட வேண்டாம். ஒரு கரண்டி வைத்தால் போதும். பழகாத சுவை பிடிக்க எட்டு, பத்து முறைகூட ஆகலாம். அதற்காகவே அடுத்த பாத்தியில் அரைக்கீரை போடுங்கள். அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் திரும்பத் துளிர்க்கும்.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் பாத்தியைச் சும்மா விடலாம். பிள்ளைகள் தக்காளிதான் கேட்டால் பொங்கல் விடுமுறை முடிந்ததும் நாற்று நடுங்கள், மார்ச் இறுதிக்குள் பழம் கிடைக்கும். கோடை விடுமுறையைத் தாக்குப்பிடிக்க வேலியோரம் ஒரு முருங்கைப் போத்து ஊன்றலாம். அதில் மட்டும் யாரையும் ஏற விடாதீர்கள், கிளை சட்டென்று முறியும்.