கணினிக் கேள்வி–பதில்: பழைய ஜேக்வெரியை மாற்றினால் பில் பக்கம் படுத்துவிடுகிறதே!

கேள்வி: எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. ஜோடி வாரியாக எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி போட்டு பில் எடுக்கும் பக்கம் 2012-இல் செய்தது, ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 1.7.2 பதிப்பில் ஓடுகிறது. அதை எடுத்துவிட்டு 3.7.1 போட்டேன். வரியை அழிக்கும் பட்டனும் வேலை செய்யவில்லை, தேதி எடுக்கும் பெட்டியும் திறக்கவில்லை. பழையதையே திரும்பப் போட்டுவிட்டேன். அப்படியே விட்டுவிடலாமா சார்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: விடாதீர்கள். 3.5.0-க்கு முந்தைய ஜேக்வெரியில், வெளியிலிருந்து வரும் எச்டிஎம்எல்லை வடிகட்டிச் சேர்த்தால்கூட உள்ளே ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் ஓடிவிட வழியிருந்தது, 2020 ஏப்ரலில்தான் அடைத்தார்கள். வாடிக்கையாளர் எழுதும் ஆர்டர் குறிப்பெல்லாம் வந்து விழுகிற பக்கம் என்றால் இது உங்கள் கவலைதான்.

ஆனால் 1.7-இலிருந்து நேராக 3-க்குத் தாவக் கூடாது. முதலில் 1.12.4 போடுங்கள், அதோடு ஜேக்வெரி மைக்ரேட் 1.4.1 என்ற சின்ன ஃபைலையும் சேருங்கள். 1.9-இல் நீக்கிய பழைய வசதிகளை அது தற்காலிகமாகத் திருப்பித் தரும், உங்கள் நிரல் அவற்றைத் தொடும்போது பிரவுசரின் கன்சோலில் (பிழைச் செய்திகள் வரும் பகுதி) எச்சரிக்கையும் எழுதும். சுருக்கிய 'மின்' ஃபைலை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது இந்த எச்சரிக்கைகளை எழுதாது.

அழிக்கும் பட்டன் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் 'லைவ்' என்ற கட்டளையாகத்தான் இருக்கும். 1.7 வந்தபோதே அதைக் கைவிடப் போவதாகச் சொல்லிவிட்டு, 2013 ஜனவரியில் வந்த 1.9-இல் எடுத்தார்கள், அதாவது உங்கள் பக்கம் எழுதப்பட்ட காலத்திலேயே அது போகிற பட்டியலில்தான் இருந்தது. இங்கே பலர் சறுக்குவார்கள்: 'லைவ்' என்ற சொல்லை அழித்து 'ஆன்' என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள், பக்கம் திறக்கும்போது இருந்த வரிகளில் எல்லாம் சரியாக ஓடும், அப்புறம் புதிதாக ஒரு ஜோடி சேர்த்தால் அந்த வரியின் பட்டன் மட்டும் செத்துக் கிடக்கும், பிழைச் செய்தியும் வராது. ஏனென்றால் நேரடியாகக் கட்டிய 'ஆன்' அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் பட்டன்களை மட்டுமே பிடிக்கும். பட்டனில் கட்டாமல், எப்போதும் பக்கத்தில் இருக்கும் அட்டவணையில் 'ஆன்' போட்டு, பட்டனின் கிளாஸ் பெயரை இரண்டாவது மதிப்பாகக் கொடுங்கள். பிறகு வரும் வரிகளும் அதற்குள் அடங்கிவிடும்.

தேதிப் பெட்டியின் பிளகின் (துணை நிரல்) அநேகமாக 'பிரவுசர்' என்ற பழைய பண்பைக் கேட்கிறது. அதுவும் 1.9-இல் போனதுதான். 1.12-இல் மைக்ரேட் அதைக் காப்பாற்றிவிடும், 3-க்குப் போனால் முடியாது; அதற்கான 'மைக்ரேட் 3' ஃபைல், முன்பு 1.9-இல் நீக்கியதைத் திருப்பித் தராது. என் யோசனை, அந்தப் பிளகினையே தூக்கிவிட்டு பிரவுசரின் சொந்தத் தேதிப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை எல்லாம் அடங்கியதும் 3.7.1, கூடவே மைக்ரேட் 3. இப்போது வரிகளை எண்ணும் 'சைஸ்' மாட்டும், அங்கே 'லெங்த்' போடுங்கள், அடைப்புக்குறி வேண்டாம். அஜாக்ஸுக்கு (பக்கத்தைத் திரும்பத் திறக்காமலே சர்வரிடம் தகவல் கேட்கும் கட்டளை) பின்னால் சங்கிலியாகத் தொங்கும் 'சக்சஸ்' 'டன்' ஆக வேண்டும், ஆனால் அஜாக்ஸுக்கு உள்ளே விருப்பமாகக் கொடுத்த 'சக்சஸ்' அப்படியே இருக்கலாம், அதை யாரும் நீக்கவில்லை. கன்சோல் அமைதியானதும் மைக்ரேட்டையும் கழற்றிவிடுங்கள், அதை நிரந்தரமாக வைத்துக்கொண்டு ஓட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பட்டறையில் யாராவது இன்னும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-இல் பில் போடுகிறார்களா? அதில் ஓடும் கடைசி வரிசை 1.12. அந்தக் கணினியை மாற்றிய பிறகுதான் 3.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் தங்கும் விடுதியின் தளம் என் லேப்டாப்பில் ஓடுகிறது, சேலத்தில் இருக்கும் தம்பியின் கணினியில் இன்ஸ்டால் செய்தால் உடைகிறது. நிரல் இரண்டிலும் ஒன்றுதான்.
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: தளத்துக்கு வேண்டிய நூலகங்களைப் பட்டியலிடும் பேக்கேஜ் ஃபைலில் (package.json) பதிப்பு எண்ணுக்கு முன்னால் கூம்பு மாதிரி ஒரு குறி (^) இருக்கும். முதல் எண் மாறாத வரை புதியதை எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள் (முதல் எண் 0 என்றால் இன்னும் இறுக்கம்). நடு எண் கூடினால் எதுவும் உடையாது என்பது நூலகம் எழுதியவர் தரும் வாக்கு, எல்லோரும் காப்பாற்றுவதில்லை. உங்களிடம் இறங்கிய பதிப்புகளைக் குறித்துவைக்கும் பேக்கேஜ்-லாக் ஃபைலையும் நிரலைச் சேமிக்கும் கிட்டில் (Git) சேர்த்துவிடுங்கள், தம்பி 'என்பிஎம் இன்ஸ்டால்' (npm install) அடிக்காமல் 'என்பிஎம் சிஐ' (npm ci) அடிக்கட்டும். உங்களிடம் இருக்கும் அதே பதிப்புகள் அங்கேயும் இறங்கும்.