பொருளியலோடு வரலாறும் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

கேள்வி: ஐயா, நாங்கள் அம்மாப்பேட்டையில் கைத்தறி நெசவுக் குடும்பம். மகள் பெங்களூரில் பல துறைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். பொருளியல், வரலாறு, உளவியல், கணினி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் படித்திருக்கிறாள். மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எதுவென்று இன்னும் முடிவு செய்யவில்லை. உறவினர்கள், “இன்ஜினீயரிங்கில் சேர்த்திருக்கலாமே” என்கிறார்கள். இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும்?
– ஒரு தாய், சேலம்

பதில்: உறவினர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அம்மா. இன்ஜினீயரிங் பட்டத்தின் பெயரே வேலையின் திசையை ஓரளவு காட்டிவிடும். உங்கள் மகளின் பட்டம் அப்படிக் காட்டாது, ஆகவே அந்தத் திசையை அவர்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். முதலாண்டில் பல துறைகளைத் தொட்டுப் பார்த்தது தவறன்று, அந்த ஆண்டின் நோக்கமே அதுதான். மூன்றாம் செமஸ்டரிலும் அதே போக்கு தொடர்ந்தால்தான் நுனிப்புல் மேய்ந்த கதையாகிவிடும். ஒரு துறையை மேஜராக எடுத்து அதன் கடினமான தாள்கள் வரை போகட்டும். பொருளியலோ வரலாறோ எதுவானாலும், மைனராக, அதாவது துணைப்பாடமாக, புள்ளியியலையோ கணினியையோ வைத்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வேலைக்கான தயாரிப்பை இறுதியாண்டுக்குத் தள்ளிப்போட வேண்டாம். கேம்பஸ் இன்டர்வியூவில் மதிப்பெண் பட்டியலுக்கு அடுத்தபடியாக, “நீங்களே செய்து முடித்த வேலை எது?” என்றுதான் கேட்பார்கள். அதற்கான விடையை உங்கள் மகள் நம் மாவட்டத்திலேயே தேடலாம். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்குக்கு அதிலுள்ள மாவுச்சத்தின் புள்ளியைக் கணக்கிட்டு விலை வைக்கிறார்கள். அந்தப் புள்ளியை யார் அளக்கிறார், அந்தக் கிழங்கிலிருந்து ஆலைகளில் செய்யும் ஜவ்வரிசியின் விலை இறங்கினால் நட்டம் யார் தலையில் விழுகிறது, ஆலைக் கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒரு கோடை விடுமுறை முழுவதும் விவசாயிகளிடமும் ஆலைக்காரர்களிடமும் கேட்டு, எண்களைத் தொகுத்து, இருபது பக்க அறிக்கையாக எழுதினால், பொருளியலும் சுற்றுச்சூழலும் புள்ளியியலும் அதில் ஒன்றாக வந்து சேரும். உங்கள் வீட்டுத் தறியைப் பற்றியே எழுதலாம். நூல் விலையும் கூலியும் அவர் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கணக்குகள் அல்லவா? ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள், செய்தித்துறை ஆகியவற்றில் இன்டர்ன்ஷிப் கேட்கும்போது அத்தகைய அறிக்கை பெரிதும் துணை நிற்கும்.

அரசு வேலை எண்ணமிருந்தால், குரூப் 1 தேர்வுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் பொதுவாக ஏதேனும் ஒரு பட்டம் போதும். ஆசிரியர் பணி அப்படியன்று: அங்கே பட்டத்தின் பாடப்பெயரையே பார்ப்பார்கள். மேஜரின் பெயர் வழக்கமான பாடப்பெயரிலிருந்து மாறுபட்டிருந்தால், அது வழக்கமான பட்டத்துக்கு இணையானது என்று கூறும் தமிழக அரசின் இணைத்தன்மை ஆணை உண்டா என்பதை மேஜரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்டறியுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் மாநில அரசுப் பணிகளில் கிடைக்கும் 20 விழுக்காடு முன்னுரிமை, ஆங்கிலவழியில் பட்டம் பெறும் அவருக்குக் கிடைக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்களில் நான்காம் ஆண்டும் படிப்பது அவசியமா?
– பிளஸ் டூ மாணவர், ஏற்காடு

பதில்: பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (படிப்பளவைக் குறிக்கும் புள்ளி), நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட். முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடு பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் படிக்கலாம். நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு இருந்தால் முதுகலை இல்லாமலேயே தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதலாம், முனைவர் பட்ட ஆய்விலும் சேரலாம். ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவருக்கு அந்த ஓராண்டு வீணாகாது. வேலைக்கோ எம்.பி.ஏ. படிப்புக்கோ போக நினைப்பவருக்கு மூன்றாண்டே போதும். ஆகவே, மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டம் பெற்று வெளியேற வழியிருக்கிறதா என்பதைச் சேரும்போதே எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள்.