பாயிண்ட் யாருடையது? கடற்கரைக்காரர்கள் கேட்ட போன், ஜிபிஎஸ், மென்பொருள் கேள்விகள்

பாம்பனில் செல்போன், ஜிபிஎஸ், வாக்கி டாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடுகிற கட்டற்ற மென்பொருளைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன், கேட்பவர்களுக்குப் போட்டும் கொடுக்கிறேன். தொண்டி முதல் மூக்கையூர் வரை பலர் கேட்டதைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர் போடவில்லை, ஊரும் தொழிலும் மட்டும்.

தங்கச்சிமடம், விசைப்படகு டிரைவர்: அண்ணே, படகில் இருந்த ஜிபிஎஸ் பெட்டியில் திரை போய்விட்டது. அப்பா காலத்திலிருந்து சேர்த்த பாயிண்ட் எல்லாம், அதாவது மீன் கிடைக்கும் இடங்களின் குறிப்பெல்லாம், அதற்குள் இருக்கிறது. புதுப் பெட்டி வேறு கம்பெனி. பழைய பாயிண்டை இதில் ஏற்ற முடியாது என்கிறார்கள். நிஜமா?

பெரும்பாலும் ஏற்றலாம் தம்பி. முதலில் பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். திரை போனால் நினைவகம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

கையடக்க ஜிபிஎஸ் பலவற்றை யுஎஸ்பி வயரில் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஜிபிஎக்ஸ் என்ற கோப்பு கிடைக்கும். அது திறந்த வடிவம், எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். கடலடிப் பாறைத்திட்டான பாருக்கு நீங்கள் 'பெரிய பார்', 'அப்பா பார்' என்று போட்ட பெயரும், பக்கத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் வரி வரியாக நிற்கும். படகில் பொருத்துகிற பெரிய பெட்டியில் எஸ்டி கார்டு வழியாக எடுக்க வேண்டும். திரையில் மெனுவைப் பார்க்காமல் அதைச் செய்ய முடியாது என்பதால், அதே மாடல் திரை ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி எடுப்போம். சில கம்பெனிகள் தங்களுக்கு மட்டுமே புரியும் வடிவத்தில் சேமிக்கும். அதற்கு ஜிபிஎஸ்பேபல் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. பல கம்பெனிகளின் கோப்புகளை ஜிபிஎக்ஸாக மாற்றிவிடும், காசு கிடையாது.

எண்ணைக் கையால் ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நோட்டில் 9 டிகிரி 06 நிமிடம் என்று எழுதியிருப்பீர்கள். புதுப் பெட்டி தசமத்தில் கேட்கும். அங்கே 9.06 என்று அடித்தால் தப்பு, 9.10 என்று அடிக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல்மைல். 9.06 என்று அடித்தால் 2.4 கடல்மைல், அதாவது நாலரை கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளிப் போவீர்கள். பாரைத் தவறவிட்டால் ஒரு நாள் டீசல் நஷ்டம். எல்லைக்கோட்டுப் பாயிண்டில் இதே தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லைப் புள்ளிகள் 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்றுதான் அச்சாகியிருக்கின்றன. டிகிரியின் தசமமாக மாற்றும்போது இரண்டு பேர் உட்கார்ந்து சரிபாருங்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலில் அலைந்து அப்பா சேர்த்தது அந்தப் பாயிண்ட். பெட்டியைச் செய்த கம்பெனி அதைத் தன் வடிவத்தில் பூட்டி வைத்து, அடுத்த பெட்டியையும் தன்னிடமே வாங்க வைப்பது அநியாயம். வாங்கும்போதே "பாயிண்டை ஜிபிஎக்ஸில் வெளியே எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் வேறு பெட்டி பாருங்கள்.

ராமேஸ்வரம், நாட்டுப்படகு: கடலுக்குள் போனால் டவர் போய்விடுகிறது. அப்போது செல்போன் ஜிபிஎஸ் வேலை செய்யாது, சரியா?

வேலை செய்யும். ஜிபிஎஸ் சிக்னல் வருவது செயற்கைக்கோளிலிருந்து, டவரிலிருந்து அல்ல. டவர் இல்லாவிட்டால் வராதது பின்னாலிருக்கும் வரைபடம். ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் கரையில் இருக்கும்போதே வரைபடத்தை இறக்கிக்கொள்ளலாம். இரண்டும் 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடுகின்றன. யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம். நம்ம ஊர் இறங்குதளம் அதில் விட்டுப்போயிருந்தால் நீங்களே சேர்க்கலாம். ஆனால் ஆழமும் பாறையும் அதில் சரியாக இருக்காது. படகு ஜிபிஎஸ்ஸுக்கு மாற்றாக வைக்காதீர்கள், கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி பக்கம் போகிறவர்கள் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். அங்கே போன் இலங்கை டவரைப் பிடிக்கும்.

மண்டபம், படகு உரிமையாளர்: படகு இருக்கும் இடத்தை அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர் கருவியைப் படகில் வைக்கச் சொல்கிறார்கள். நாங்கள் எங்கே வலை போடுகிறோம் என்று இனி எல்லாருக்கும் தெரிந்துவிடாதா? வைக்கலாமா, வேண்டாமா?

வையுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வாக்கி டாக்கி அவ்வளவு தூரம் எட்டாது, செல் எடுக்காது. கன்னியாகுமரிப் பக்கம் எத்தனை வீடுகள் அதற்கு விலை கொடுத்தன என்று நமக்குத் தெரியும். இப்போது வருவது இஸ்ரோ உருவாக்கிய கருவி. செயற்கைக்கோள் வழியாக இரண்டு பக்கமும் செய்தி போகும். புயல் எச்சரிக்கை வரும், ஆபத்து என்றால் நீங்கள் பட்டனை அழுத்தலாம். 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளுக்கு வைக்கும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைத்தார்கள்.

ஆனாலும் உங்கள் கேள்வி முழுக்க நியாயமானது. உயிர் காக்க வைத்த கருவி, வேறு எதற்கெல்லாம் பயன்படும்? படகு போன தடத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? எந்தெந்தத் துறை பார்க்கும்? கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனை நிறுத்தவோ அபராதம் போடவோ அதை ஆதாரமாக எடுப்பார்களா? தனியாருக்குக் கொடுப்பார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு விலக்கு அறிவிக்க இடம் இருக்கிறது. அதனால் சட்டம் வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று இருக்க முடியாது. உங்கள் சங்கத்தின் நிர்வாகி ஒருவர் தம் பெயரில் மீன்வளத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடட்டும். கட்டணம் 10 ரூபாய். மேலே உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாக எண் போட்டுக் கேளுங்கள். வரும் பதிலைச் சங்க போர்டில் ஒட்டுங்கள்.

மூக்கையூர், கல்லூரி மாணவர்: தனியுரிமை தனியுரிமை என்கிறீர்கள் அண்ணா. தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

உங்கள் அப்பாவிடம் அவருடைய ஜிபிஎஸ் பாயிண்டைப் பக்கத்துப் படகுக்காரருக்குக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள் தம்பி. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனாலும் கொடுக்க மாட்டார். தனியுரிமை என்பது தப்பை ஒளிக்கிற இடம் அல்ல. எதை, யாரிடம், எப்போது சொல்வது என்பதை நாம் முடிவு செய்வதுதான் அது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். கடன் செயலி ஒன்றை இறக்கியதும் அது தொடர்புப் பட்டியலைக் கேட்கிறது, நீங்கள் 'அனுமதி' அழுத்துகிறீர்கள். தவணை ஒரு நாள் தாண்டியதும் உங்கள் சித்திக்கும் வாத்தியாருக்கும் போன் போகிறது. அப்படி அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை நான் கடையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் குற்றவாளிகள் இல்லை.

சின்னப்பாலம், பாசி எடுக்கும் பெண்: தம்பி, பாறையிலேயே கை கிடந்து ரேகை தேய்ந்துபோச்சு. பணம் எடுக்கப் போனால் மிஷினில் நாலைந்து தடவை விரல் வைக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் காசு போகுமோ என்று பயமாயிருக்கு.

பயப்படுவது சரிதான் அக்கா. துணி சுற்றிக்கொண்டு போனாலும் பாறை விரலைத் தின்றுவிடுகிறது. அந்த விரலைக் காட்டித்தான் உங்கள் காசை எடுக்க வேண்டும் என்று ஆக்கி வைத்தது திட்டம் போட்டவர்களின் குறை, உங்கள் குறை இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு தடவை விரல் வைத்த பிறகும் ரசீது கேளுங்கள். 'தோல்வி' என்றால் அதற்கும் ரசீது வரும். "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பினால், அன்றைக்கே வங்கியில் பாஸ்புக் பதியுங்கள். ஒரு தடவையும் பணம் கைக்கு வராமல் கணக்கில் குறைந்திருந்தால் உடனே வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டு, 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறந்துகொள்ளலாம். ரேஷன் கடையில் ரேகை விழவில்லை என்று பொருள் தராமல் அனுப்பினால் திரும்பி வராதீர்கள். ஓடிபி, கண் பதிவு என்று வேறு வழியில் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கீழக்கரை, இல்லத்தரசி: அவங்க துபாயில் இருக்காங்க. வாட்ஸ்அப் கால் போகாது. இணைய முகவரியை மறைக்கிற விபிஎன் செயலி போட்டால் பேசலாம் என்கிறார்கள். போடலாமா காக்கா?

வேண்டாம் லாத்தா. இங்கே நீங்கள் போடுவதில் சிக்கல் இல்லை, அங்கே அவர் போட்டால்தான் ஆபத்து. அமீரகத்தின் 2021 சைபர் குற்றச் சட்டப்படி, குற்றம் செய்ய விபிஎன் போன்ற வழியில் இணைய முகவரியை மறைத்தால் சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அங்கே தடுத்திருக்கும் வாட்ஸ்அப் காலில் பேசுவது அதில் சேருமா சேராதா என்று நம் வீட்டு ஆளை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போகும், படம் போகும். பேச வேண்டுமென்றால் அங்கே அனுமதி பெற்ற செயலியைப் பயன்படுத்துங்கள். வங்கி விவரத்தையும் ஓடிபியையும் அதில் பேசாதீர்கள். பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேச ஒரு தகப்பன் அரசிடமும் கம்பெனியிடமும் அனுமதி வாங்க வேண்டியிருப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை.

ராமநாதபுரம், கல்லூரி மாணவி: ஓப்பன் சோர்ஸில் நிரலை எல்லாரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்க்கலாமே? அது எப்படிப் பாதுகாப்பு?

திருடனும் பார்ப்பான், உண்மைதான். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறு கருவியில் அது நடந்தது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற கட்டற்ற இயங்குதளமான லினக்ஸில் ஓடும் கணினிகள் பலவற்றில் இருக்கும் கருவி அது. தன்னார்வலர்போல வந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பை வாங்கிக்கொண்டு, திருட்டுக் கதவு ஒன்றை ஒளித்து வைத்தார். அதைப் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆனது. ஏன் என்று தோண்டினார், தோண்டத் தோண்டத் திருட்டு வெளியே வந்தது. நிரல் மூடிக் கிடந்திருந்தால் சந்தேகம் வந்தாலும் அவரால் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அந்தக் கருவியை அதுவரை பார்த்துக்கொண்டவர் கிட்டத்தட்ட தனி ஆள், சம்பளமில்லாமல் ஓய்ந்துபோயிருந்தவர். திருடன் உள்ளே வந்தது அந்தச் சோர்வின் வழியாகத்தான். நாம் இதையெல்லாம் காசு கொடுக்காமல் பயன்படுத்துகிறோம். முடிந்தவர்கள் ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். தமிழில் மொழிபெயர்க்கலாம், பிழையைத் தெரிவிக்கலாம். நீங்கள் கணினி படிக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே தொடங்கலாம்.

தேவிபட்டினம், ஆசிரியர்: அரசு கொடுத்த பழைய லேப்டாப். விண்டோஸ் 10க்கு இனி பாதுகாப்பு அப்டேட் இல்லை என்கிறார்கள். தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம் சார். 2025 அக்டோபர் 14உடன் நின்றது விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவுதான், லேப்டாப்பின் ஆயுள் அல்ல. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் நிறுவலாம். 4 ஜிபி ரேம் போதும். பழைய ஹார்ட்டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தை மாட்டினால் ஆளே மாறிவிடும். 2011இல் தொடங்கிய அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். பள்ளிகளில் அதைத் திறந்து காட்ட ஆள் இல்லாமல் போனது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

தொண்டி, அச்சகம்: பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது.

கோப்பு கெடவில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. அதே எழுத்துருவை நிறுவினால் தமிழ் தெரியும். ஆனால் அத்தோடு விடாதீர்கள், எழுத்துரு மாற்றும் மென்பொருளால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றி, லிப்ரேஆஃபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் ஒரு பிரதி சேமித்து வையுங்கள். ஊர்க் கல்யாணப் பத்திரிகை, ஜமாஅத் நோட்டீஸ் எல்லாம் உங்களிடம்தான் இருக்கும். மாற்றியதை ஒரு தடவை கண்ணால் படித்துவிடுங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறும்.

மண்டபம், மீன் வியாபாரி: கலவரம் என்றால் நெட்டை நிறுத்துகிறார்கள். அது சரிதானே, வதந்தி பரவாதே?

2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் நிறுத்தினார்கள். அன்றைக்கு வதந்தியோடு சேர்ந்து உண்மைச் செய்தியும்தான் நின்றது. 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று சொன்னது. எனக்கு முழு ஊருக்கும் நிறுத்துவதில் உடன்பாடு இல்லை. கடலோரத்தில் வானிலை எச்சரிக்கையும் இப்போது போனில்தான் வருகிறது. வீட்டில் ஒரு ரேடியோ வையுங்கள் அண்ணே. பாம்பன் பக்கம் கடல் ஓசை 90.4 எடுக்கும், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பாம்பன், நண்டு வலைக்காரர்: போன் கடலில் விழுந்துவிட்டது, எடுத்துவிட்டேன். அரிசியில் போட்டிருக்கிறேன்.

அரிசியிலிருந்து எடுத்து அணைத்து வையுங்கள், சார்ஜில் போடவே போடாதீர்கள். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளே இருக்கும், கரண்ட் ஏறியதும் பச்சை பூத்து அரிக்கும். இன்றைக்கே எந்தக் கடைக்காவது கொண்டுபோய்க் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.